கிழக்குத் திமோரில் ஸ்கூபா டைவிங்: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தலைநகர் டிலியிலிருந்து கடற்கரைச் சாலையில் கிழக்கே 41 கிலோமீட்டர் போனதும் வண்டியை ஓரங்கட்டுவார்கள். படகுத்துறை கிடையாது, டிக்கெட் கொடுக்கும் ஆள் கிடையாது. தூரக் கணக்கையே பெயராக வைத்து அந்த இடத்தை ‘கே41’ என்கிறார்கள். சாலையோரத்திலேயே காற்றுச் சிலிண்டரில், மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டரை மாட்டி, எடைப் பட்டையைக் கட்டிக்கொண்டு, சூடேறிய கூழாங்கற்கள்மேல் நடந்து தண்ணீரில் இறங்க வேண்டியதுதான். இடுப்பளவு ஆழத்தில் காலுக்கான துடுப்பான ஃபின்னை மாட்டிக்கொண்டு சற்று நீந்தினால் போதும், காலுக்கடியில் தரை சட்டென்று முடிந்துவிடும். கீழே கருநீலம். பக்கவாட்டில் கடல் விசிறிகளும் ஆளுயரப் பீப்பாய்ப் பஞ்சுயிரிகளும் ஒட்டிய பாறைச் சுவர். வேறு நாடுகளில் ஒரு மணி நேரம் படகில் போய்ப் பார்க்கிற காட்சி, இங்கே சாலையிலிருந்து கல்லெறி தூரத்தில் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் இங்கே வருகிற டைவர்கள் மிகக் குறைவு. 1975 முதல் 1999 வரை இந்தோனேசிய ஆக்கிரமிப்பு, அப்புறம் ஐ.நா. நிர்வாகம், 2002 மே 20இல் விடுதலை. சுற்றுலா என்ற சொல்லுக்கே அந்த மக்களுக்குச் சமீபத்தில்தான் நேரம் கிடைத்தது. 2025 அக்டோபரில் நாடு ஆசியான் அமைப்பில் 11ஆவது உறுப்பாகச் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலிய வருமானத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதால் கடல் சுற்றுலாமீது நாட்டுக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கை வீண் போகக் கூடாது என்ற ஆசையோடுதான் இதை எழுதுகிறேன். கடல் தயார். கரையில்தான் இன்னும் வசதிகள் குறைவு. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துத் திட்டமிடத் தெரிந்தால், உங்கள் வாழ்நாளின் சிறந்த டைவ்கள் இங்கே அமையலாம்.

இந்தக் கடலில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், பாப்புவா நியூகினி, சாலமன் தீவுகள், கிழக்குத் திமோர் ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்ததுதான் பவள முக்கோணம். பசிபிக் கடலின் வெதுவெதுப்பான நீர் இந்தியப் பெருங்கடலுக்குள் பாயும் முக்கிய வாய்களில் ஒன்று, திமோருக்கு வடக்கே உள்ள ஓம்பாய் நீரிணை. 3000 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள அந்தப் பள்ளம் கரையை ஒட்டியே ஓடுவதால், பவளத்திட்டுகளுக்கு ஓயாமல் புது நீரும் இரையும் கிடைக்கின்றன.

2016இல் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் அமைப்பின் ஆய்வுக் குழு, டிலிக்கு நேர் வடக்கே உள்ள அட்டாவுரோ தீவைச் சுற்றி மீன்களைக் கணக்கெடுத்தது. ஓர் இடத்துக்குச் சராசரியாக 253 வகைப் பவளத்திட்டு மீன்கள் என்று கணக்கு வந்தது. அதுவரை உலகில் வேறெங்கும் அவ்வளவு உயர்ந்த சராசரி பதிவானதில்லை. மொத்தமாகப் பதிவு செய்தவை 600 வகைக்கும் மேல்.

முதல் படி: உங்களை நீங்களே எடைபோடுங்கள்

டிக்கெட் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. டைவிங்கில் உடம்புக்குள் நைட்ரஜன் குமிழிட்டு வரும் டீகம்ப்ரஷன் நோய்க்கு அழுத்த அறையில்தான் முறையான சிகிச்சை. அந்த வசதி கிழக்குத் திமோரில் இல்லை என்று வைத்தே திட்டமிடுங்கள். அருகில் என்றால் ஆஸ்திரேலியாவின் டார்வின், அல்லது பாலி. இரண்டுக்கும் விமானத்தில்தான் போக வேண்டும், அதுவும் உள்ளழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் மருத்துவ விமானத்தில். காப்பீடு இல்லாமல் அதற்குக் கைக்காசு கொடுக்க நேர்ந்தால் ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரைந்துவிடும்.

ஆகவே டைவர்களுக்கென்றே உள்ள காப்பீட்டை எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கலாம், இல்லையென்றால் 18 மீட்டர், 30 மீட்டர் என்று ஆழ வரம்பு போட்டிருக்கலாம். அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். அவசர விமானச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அவர்களின் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதி டைவ் பைக்குள் வையுங்கள். செல்பேசி நனைந்து போகும் தொழில் இது.

தொடக்கநிலை டைவரின் ‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழ் வாங்கிய கையோடு, நான்கே டைவ் அனுபவத்தோடு வரலாமா என்று கேட்பார்கள். வரலாம். டிலி கரையில் 18 மீட்டருக்குள் பார்க்கவே பல நாள் போதாத அளவு இருக்கிறது. ஆனால் அட்டாவுரோவின் நீரோட்டச் சுவர்களுக்கு அடுத்தகட்டமான அட்வான்ஸ்டு சான்றிதழும் இருபது முப்பது டைவ் பழக்கமும் இருந்தால்தான் நிம்மதி. தரை தெரியாத நீலத்தில், ஆழமானியைப் பார்க்காமலேயே ஒரே மட்டத்தில் மிதக்க உங்களால் முடிய வேண்டும். முடியாது என்றால் முதல் இரண்டு நாளை அந்தப் பயிற்சிக்கே ஒதுக்குங்கள். அது வீணான நாள் இல்லை.

இரண்டாம் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே முதல் நவம்பர் வரை வறண்ட காலம், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் கடலைப் பழுப்பாக்கிவிடும். டிலிக்குள் பாயும் கொமோரோ ஆற்று முகத்தைப் பார்த்தாலே புரியும். 2021 ஏப்ரலில் வந்த வெள்ளம் தலைநகரையே புரட்டிப் போட்டது. மழையில் டைவே முடியாது என்றில்லை, ஆனால் சாலை அறுந்தால் டைவ் இடத்துக்குப் போக வழி இருக்காது.

தண்ணீர் பொதுவாக 26 முதல் 29 டிகிரி. மூன்று மில்லிமீட்டர் உடை போதும். நாளுக்கு மூன்று டைவ் அடிப்பவர்களும் குளிர் தாங்காதவர்களும் ஐந்து மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளலாம்.

திமிங்கிலம் பார்க்க ஆசை இருந்தால் அக்டோபர், நவம்பர். குள்ள நீலத் திமிங்கிலங்கள் அந்த ஆழ நீரிணை வழியாகத் தெற்கே திரும்பும் காலம் அது. ‘குள்ள’ என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இருபது மீட்டரைத் தாண்டும் உயிர்கள். எண்ணெய்த் திமிங்கிலங்களும் இங்கே தென்படுவது உண்டு. படகிலிருந்து பாருங்கள். பயணம் போகும் தாயையும் குட்டியையும் துரத்திக்கொண்டு தண்ணீரில் குதிப்பதை ஒரு சாகசமாக விற்பவர்களிடம் போகாதீர்கள்.

மூன்றாம் படி: போய்ச் சேர்வதும் காசும்

பாலியிலிருந்தும் டார்வினிலிருந்தும் டிலிக்கு ஓரிரண்டு மணி நேர விமானப் பயணம். பல நாட்டவர்களுக்கு டிலி விமான நிலையத்திலேயே 30 நாள் விசா தருகிறார்கள். கட்டணம் 30 அமெரிக்க டாலராக இருந்துவருகிறது, ரொக்கமாக வைத்திருங்கள். இந்தோனேசியாவுக்குச் சொந்தமான மேற்குத் திமோரிலிருந்து தரைவழி வருவதற்கு விதி வேறு, முன்கூட்டியே அனுமதி கேட்கப்படலாம். எதுவானாலும் கிளம்புமுன் அவர்களின் குடிவரவுத் துறையில் சரிபாருங்கள்.

புழங்குவது அமெரிக்க டாலர் நோட்டு, சில்லறைக்கு மட்டும் அவர்களின் சொந்த சென்டாவோ நாணயம். கிராமங்களில் நூறு டாலர் நோட்டை நீட்டினால் மாற்றித் தர ஆளில்லை. டிலியிலேயே ஒன்று, ஐந்து, பத்து டாலர்களாக மாற்றிக்கொண்டு தீவுக்குக் கிளம்புங்கள்.

மொழி: தேத்தூமும் போர்த்துகீசும் ஆட்சிமொழிகள். ‘பொன் தியா’ என்றால் காலை வணக்கம், ‘ஒப்ரிகாடு’ என்றால் நன்றி, பெண்கள் ‘ஒப்ரிகாடா’ என்பார்கள். கரையில் உங்களைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளிடம் இந்த இரண்டு சொல்லைச் சொல்லிப் பாருங்கள், சிலிண்டர் தூக்கக்கூட ஓடி வருவார்கள்.

நான்காம் படி: டைவ் சென்டரிடம் கேட்க வேண்டியவை

டைவ் சென்டர்கள் கைவிரலில் எண்ணும் அளவுதான். அதனால் விலையை ஒப்பிடுவதில் நேரம் போக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். டைவ் நடக்கும் இடத்துக்கே ஆக்சிஜன் பெட்டி வருகிறதா? அதில் எத்தனை நிமிடத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறது? கே41இலிருந்து டிலி மருத்துவமனைக்கு வளைந்து நெளிந்த சாலை. பாதி வழியில் தீர்ந்துபோகும் சிலிண்டர் உதவாது. படகில் ரேடியோவோ செயற்கைக்கோள் பேசியோ உண்டா? வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை டைவர்? நான்குக்கு மேல் என்றால் யோசியுங்கள்.

உள்ளூர்த் திமோர் இளைஞர்கள் வழிகாட்டியாகவும் பயிற்றுநராகவும் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நான் இதை முக்கியமாகப் பார்க்கிறேன். ஊர்க்காரரின் பிழைப்பு பவளத்தோடு பிணைந்தால்தான் அந்தப் பவளம் நிலைக்கும். தவிர, அன்றைக்கு அந்தக் கரையில் முதலை தென்பட்டதா என்ற செய்தி முதலில் எட்டுவது அவர்கள் காதுக்குத்தான்.

உங்கள் சொந்தச் சாமான் எது வர வேண்டும்? முகமூடி, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர், அடி கனமான பூட்ஸ், குதிகால் திறந்த ஃபின். கூழாங்கல் கரையில் வெறுங்காலோடு பத்தடி வைக்க முடியாது. கூடவே, மேலே ஊதி நிமிர்த்தும் மிதவைக் குழாயும் அதற்கான நூலுருளையும். ரெகுலேட்டரின் வாய்ப்பட்டை, காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் ஓ-வளையம், முகமூடிப் பட்டை இவற்றில் ஒவ்வொன்று கூடுதலாக. ஒரு ரூபாய் பெறாத ஓ-வளையம் ஒன்று கிழிந்ததற்காக ஒரு பகல் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தவன் நான். கிலோமீட்டர் கணக்கில் கடையே இல்லாத இடத்தில் அதன் மதிப்பு தெரியும்.

ஐந்தாம் படி: நாட்களை எந்த வரிசையில் அடுக்குவது

நிறையப் பேர் தவறுவது இங்கேதான். கிழக்குத் திமோர் ஒரு மலைநாடு. டிலியின் முதுகிலேயே மலை ஏறத் தொடங்குகிறது. மவுபிசே ஊரே சுமார் 1400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ராமெலாவு சிகரம் ஏறத்தாழ 3000 மீட்டர். அதன் அடிவாரத்து ஊரான ஹட்டு புயிலிகோவிலிருந்து விடியுமுன் ஏறி, உச்சியில் மாதா சிலையருகே சூரிய உதயம் பார்ப்பது எல்லாருக்கும் ஆசை.

விமானத்தின் உள்ளழுத்தம் ஏறத்தாழ 2400 மீட்டர் உயரத்துக்குச் சமம் வரை குறையும். அதனால்தான் டைவுக்குப் பிறகு உடனே பறக்கக் கூடாது என்கிறோம். ராமெலாவு அதைவிட உயரம்! ‘விமானம் நாளை மறுநாள்தானே’ என்று நினைத்து, காலையில் டைவ் முடித்துவிட்டு மதியம் ஜீப்பில் மலை ஏறுவது, டைவ் முடித்த கையோடு விமானம் ஏறுவதற்குச் சமம். அட்டாவுரோவிலும் இதே பொறி இருக்கிறது. தீவின் தென்பகுதியில் நிற்கும் மனுகோகோ மலை கிட்டத்தட்ட 1000 மீட்டர்.

ஆகவே மலை முதலில், கடல் பிறகு. பத்து நாள் இருந்தால் நான் இப்படி அடுக்குவேன்: வந்ததும் மூன்று நாள் மலைப்பக்கம். இறங்கி வந்து டிலி கரையில் இரண்டு நாள் டைவ். அப்புறம் அட்டாவுரோவில் மூன்று நாள். கடைசியில் டிலிக்குத் திரும்பி, ஒரு முழு நாள் தண்ணீரில் இறங்காமல் இருந்துவிட்டு விமானம்.

பறப்பதற்கு முன் காத்திருக்க வேண்டிய நேரம்: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி, பல நாள் பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி. அழுத்த அறை இல்லாத நாட்டில் 24 மணி என்று வைத்துக்கொள்வதே என் பழக்கம்.

ஆறாம் படி: டிலி கரையில் தொடங்குங்கள்

சுவரைப் பார்க்கும் அவசரத்தில் தாசி தோலுவைத் தவறவிடாதீர்கள். டிலிக்கு மேற்கே, விமான நிலையத்தைத் தாண்டியதும் வரும் கரை அது. 2024 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் திருப்பலி நிறைவேற்றியபோது சுமார் ஆறு லட்சம் பேர் கூடிய அதே திடல் பக்கத்தில்தான் இருக்கிறது. தண்ணீருக்குள் கருமணல் சரிவு. முதல் பார்வைக்கு ஒன்றுமே இல்லாத வெற்றுத் தரை.

பத்து மீட்டரில் வழிகாட்டி ஓர் இடத்தைச் சுட்டுவார். அங்கே ஒரு பஞ்சுயிரித் துண்டு மட்டும் இருக்கும். கையை அசைக்காமல், மூச்சை மெதுவாக விட்டு, அப்படியே பாருங்கள். அரை நிமிடத்தில் அந்தப் ‘பஞ்சுயிரி’ ஒரு கண்ணை உருட்டும். தவளைமீன். கால்போல வளைந்த துடுப்பை மணலில் ஊன்றி ஓரடி எடுத்து வைத்து, மறுபடி கல்லாகிவிடும். அதற்குப் பக்கத்தில் நாடாபோல நெளியும் நீல விலாங்கு வளையிலிருந்து தலைநீட்டும். கடல்குதிரை, ஓடில்லாக் கடல்நத்தை, வேறு உயிர்களின் வேடம் போடும் பேய்க்கணவாய் எல்லாம் இந்த மணலில் உண்டு. அருகிலுள்ள கடற்புல் வெளியில் ஆவுளியா மேய வருவதும் உண்டு. கண்டால் உங்கள் அதிர்ஷ்டம், பின்னால் நீந்திப் போகாதீர்கள்.

மணல் டைவில் ஒரே விதி: ஃபின் தரையில் படக் கூடாது. ஒருவர் கிளப்பும் புழுதி, பின்னால் வரும் மூவரின் டைவைக் கெடுத்துவிடும்.

இங்கே இரண்டு நாள் எடைக் கணக்கைச் சரிசெய்து, மூச்சைப் பழக்கிக்கொண்டு, பிறகு கே41. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாதீர்கள், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். சுவர் டைவின் வசதியே அதுதான்: அந்த ஐந்து மீட்டரில்தான் பவளம் அடர்த்தி, மீனும் கூட்டம். மூன்று நிமிட நிறுத்தம் பத்து நிமிடமாக நீண்டாலும் அலுக்காது.

ஏழாம் படி: அட்டாவுரோ

டிலியிலிருந்து படகில் ஒன்று முதல் இரண்டரை மணி நேரம், படகைப் பொறுத்து. காலையில் கடல் பெரும்பாலும் கண்ணாடிபோல இருக்கும், மதியத்துக்கு மேல் காற்று எழும். ஆகவே காலைப் படகையே பிடியுங்கள். கிழக்குக் கரையில் பெலோய் கிராமத்தில் இறங்கலாம். சனிக்கிழமை என்றால் அங்கே சந்தை, மலையிலிருந்து காய்கறியோடு இறங்கி வரும் பெண்களைப் பார்க்கலாம்.

தீவைச் சுற்றி எங்கு இறங்கினாலும் சுவர்தான். ஆனால் நீரோட்டத்தை இலேசாக நினைக்காதீர்கள். இரண்டு பெருங்கடல்களுக்கு நடுவே நிற்கும் தீவு இது. ஓட்டம் பக்கவாட்டில் இழுத்தால் சுவரை ஒட்டி அதனோடே மிதந்து போங்கள், எதிர்த்துப் போராட வேண்டாம். மேலிருந்து கீழே இழுக்கும் ஓட்டம்தான் ஆபத்து. உங்கள் குமிழிகள் மேலே போகாமல் பக்கத்தில் சுழன்றாலோ, மீன்கள் எல்லாம் தலையை மேல்நோக்கி நிமிர்த்தி நின்றாலோ அதுதான் அடையாளம். உடனே சுவரைவிட்டுச் சற்று விலகி, ஆழமானியில் கண் வைத்தபடி மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டையான பி.சி.டி.யில் கொஞ்சமாகக் காற்று சேருங்கள். ஓட்டம் விட்ட நொடியில் அந்தக் காற்றை வெளியேற்றவும் தயாராக இருங்கள், இல்லையென்றால் ராக்கெட்டாக மேலே போய்விடுவீர்கள். மேலே வருமுன் மிதவைக் குழாயை விடுங்கள். படகுக்காரர் உங்களைக் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

மேற்குக் கரையில் அடாரா கிராமம். அங்கே பெண்கள் கையால் செதுக்கிய மரக்கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கி மூழ்கி, ஈட்டியால் மீன் குத்துகிறார்கள். நாம் கிலோ கணக்கில் சாமானை மாட்டிக்கொண்டு போகிற பவளத்திட்டுக்கு அவர்கள் ஒரு மரச்சட்டத்தையும் ரப்பர் துண்டையும் வைத்துக்கொண்டு போய்வருகிறார்கள். அவர்களைப் படம் எடுக்க விரும்பினால் முதலில் கேளுங்கள். அது அவர்கள் வீட்டுச் சோற்றுக்கான வேலை.

இந்தத் திட்டுகள் தாமாகவே பிழைத்து நிற்கவில்லை. ‘தாரா பண்டு’ என்று ஒரு மரபு உண்டு. ‘தாரா’ என்றால் தொங்கவிடுதல், ‘பண்டு’ என்றால் தடை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, சடங்கு செய்து, அடையாளத்தைக் கழியில் தொங்கவிட்டால் அந்தப் பகுதியில் மீன் பிடிக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது. மீறினால் ஊர் தண்டம் விதிக்கும். இந்தோனேசியக் காலத்தில் ஒடுக்கப்பட்ட இந்த வழக்கம் விடுதலைக்குப் பின் திரும்ப உயிர்பெற்றது. ஊரார் காக்கும் திட்டுகளில் டைவ் செய்ய ஒரு சிறு தொகை வாங்குவார்கள். பேரம் பேசாமல் கொடுங்கள். மூடிய பகுதி என்று சொன்னால், கேமராவுக்கு மட்டும் என்றுகூடக் கெஞ்சாதீர்கள்.

இன்னும் தொலைவுக்குப் போக விரும்பினால்

கிழக்கு முனையில் நீனோ கோனிஸ் சந்தானா தேசியப் பூங்கா, 2007இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஜாக்கோ தீவு. மக்களுக்கு அது ‘லூலிக்’, அதாவது புனித இடம். இரவு தங்கக் கூடாது. பகலில் மீனவர் படகில் போய் ஸ்நார்கெல் (மூச்சுக்குழாயோடு மேற்பரப்பில் நீந்திப் பார்ப்பது) செய்து திரும்பலாம். ஸ்கூபா ஏற்பாடு அங்கே எளிதல்ல, சாலையும் கடினம். முதல் பயணத்தில் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து.

முதலை

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். உவர்நீர் முதலை இந்நாட்டில் ‘அபோ லாஃபாயெக்’, முதலைத் தாத்தா. தன்னைக் காப்பாற்றிய சிறுவனுக்காக ஒரு முதலையே இந்தத் தீவாக மாறியது என்பது அவர்களின் தொன்மம். யாரும் அதைக் கொல்வதில்லை. தென்கரையை ‘தாசி மானே’, ஆண் கடல் என்பார்கள்; அங்கும் ஆற்று முகங்களிலும் சதுப்புக் காடுகளிலும் ஆபத்து மிக அதிகம். ‘தாசி ஃபெத்தோ’ என்ற வடகரையின் பெண் கடலிலும் அவ்வப்போது தென்படும், டிலிக் கடற்கரை உட்பட. கலங்கிய நீரில் இறங்காதீர்கள், விடியலிலும் அந்தியிலும் கரையோரம் தனியே நீந்தாதீர்கள். ‘இன்று இங்கே வேண்டாம்’ என்று வழிகாட்டி சொன்னால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் வண்டியில் ஏறுங்கள்.

கடைசி நாளும் கவனமும்

டைவ் முடிந்த பின் மூட்டு வலி, தோலில் அரிப்பு, கைகால் மரப்பு, வழக்கத்துக்கு மீறிய அசதி இவற்றில் எது வந்தாலும் ‘சிலிண்டர் தூக்கியதால்’ என்று ஒதுக்காதீர்கள். உடனே சுத்த ஆக்சிஜன், படுக்கை, காப்பீட்டு எண்ணுக்கு அழைப்பு. இந்த வரிசை மாறக் கூடாது.

2025இல் உலகச் சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா இல்லாததாக அறிவித்துவிட்டது, ஆனால் மழைக்காலத்தில் டெங்கு உண்டு. கொசு விரட்டி வேண்டும்.

தண்ணீரில் இறங்காத அந்தக் கடைசி நாளை டிலியின் தைஸ் சந்தைக்குக் கொடுங்கள். தைஸ் என்பது அவர்களின் கைத்தறித் துணி, 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. பெண்களே நெய்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி நிறமும் கோலமும் வைத்திருக்கிறார்கள். போகுமுன் காலையிலேயே ரெகுலேட்டரையும் உடையையும் நன்னீரில் அலசி நிழலில் தொங்கவிட்டுவிடுங்கள். சந்தையிலிருந்து திரும்பும்போது காய்ந்திருக்கும்.